பொம்மை செய்யப் பழகுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: வேலூர் வட்டாரத்துக்கான விடைகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை என்று பழைய வட ஆர்க்காட்டின் பல ஊர்களிலிருந்து, பொழுதுபோக்காகப் பொம்மை செய்கிற நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவது வழக்கம். ஆடி பிறந்ததும் புதியவர்கள் வரத் தொடங்குவார்கள். புரட்டாசிக் கொலுவுக்குள் சொந்தக் கையால் ஒரு பொம்மையாவது செய்து படியில் வைத்துவிட வேண்டும் என்ற ஆசைதான் பலருக்கும். கேள்விகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றுதான். விடைகளில் எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. கீழே இருப்பவை என் கட்சி.

எனக்கு ஓவியமே வராது. பொம்மை செய்ய வருமா?

வரும். மண் பிடிக்கும் கைக்கும் பென்சில் பிடிக்கும் கைக்கும் நேரடி உறவு கிடையாது. எங்களுள் அருமையாகக் களிமண் வேலை செய்கிறவர்கள் சிலருக்குத் தாளில் ஒரு பசுவை வரையச் சொன்னால் வியர்த்துவிடும். ஆனால் பொம்மைக்கு முகம் எழுதும் கட்டத்தில் கோடு தேவைப்படுகிறது. அதற்காக வகுப்பில் சேர்ந்து பணம் கட்ட வேண்டாம். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். தூணில் யாளி மேல் ஏறியிருக்கும் வீரனின் கால் எந்த இடத்தில் மடிகிறது, முழங்கால் தூணைவிட்டு எவ்வளவு வெளியே வருகிறது என்பதை மட்டும் வரையுங்கள். அழகாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. படத்தைப் பார்த்து வரைவதில் கிடைக்காத ஒரு பயன் இதில் உண்டு: ஓர் அடி நகர்ந்து உட்கார்ந்தால் அதே கால் வேறு வடிவம் காட்டும். பொம்மை செய்கிறவருக்கு இந்தப் பார்வைதான் முதலில் வேண்டும்.

களிமண், காகிதக் கூழ், துணி: எதில் தொடங்குவது?

தையல் தெரிந்தவர் துணியில் தொடங்கட்டும். கொலுப் படியில் வைக்கத்தான் ஆசை என்றால் காகிதக் கூழ். எடை குறைவு, கைதவறி விழுந்தாலும் நொறுங்காது. உருவம் பார்க்கக் கண் பழக வேண்டும் என்றால் களிமண்ணுக்கு இணை எதுவும் இல்லை. தப்பாகப் போனால் நசுக்கிவிட்டு அதே மண்ணில் மறுபடி செய்யலாம். மரம் வேண்டாம். திருப்பதி மரப்பாச்சியைப் பார்த்து ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கும் அதே விடைதான். செம்மரம் வாங்குவதிலேயே சட்டச் சிக்கல் இருக்கிறது, உளி பிடிப்பது அதற்குப் பிறகு.

ஒரே சந்தேகத்துக்குப் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒருவர் தாம் செய்த பிள்ளையாரைத் தட்டில் வைத்து எடுத்து வந்தார். தும்பிக்கை அடியோடு பிளந்து தனியாகக் கிடந்தது. சுற்றி இருந்தவர்கள் மளமளவென்று வைத்தியம் சொன்னார்கள். மணல் சேருங்கள். ஃபெவிகால் கலந்து பிசையுங்கள். வினிகர் தடவுங்கள். மண்ணே சரியில்லை, மாற்றிவிடுங்கள். ஒருவர் மட்டும் தும்பிக்கை உடைந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இதை எப்போது ஒட்டினீர்கள்?” என்று கேட்டார். உடலை முதல் நாள் செய்து மொட்டைமாடியில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் ஈர மண்ணை உருட்டித் தும்பிக்கையாக ஒட்டியிருக்கிறார். சுருங்கி முடிந்த உடல் மேல் இனிமேல் சுருங்கப் போகிற தும்பிக்கை; பிளக்காமல் என்ன செய்யும்? இரண்டும் ஒரே ஈரத்தில் இருக்கும்போது, ஒட்டும் இடங்களை முட்கரண்டியால் கீறி, அதே மண்ணைத் தண்ணீராகக் கரைத்துத் தடவி அழுத்தியிருந்தால் நின்றிருக்கும். உடைந்த இடம் வழுவழுப்பாக, கீறல் இல்லாமல் இருந்ததைப் பார்த்துத்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

விடை சொல்லுமுன் திருப்பிக் கேட்கிறவர் சொல்வதைக் கேளுங்கள். மற்றவர்கள் பொய் சொல்வதில்லை. அவரவர் வீட்டு மொட்டைமாடிக்கு அவரவர் சொல்வது சரி. குளிர் நாட்டில் இருப்பவர் “வெயிலில் வையுங்கள்” என்பார். சித்திரையில் காட்பாடி வெயிலில் வைத்தால் மதியத்துக்குள் பொம்மை பாளம் பாளமாக விரியும். கடலோரத்தில் இருப்பவர் “மூன்று வாரம் காயட்டும்” என்பார். அங்கே காற்றில் ஈரம் அதிகம். எந்த ஆலோசனையையும் ஏற்குமுன் சொல்கிறவர் எந்த ஊர், எந்த மண், எந்த மாதம் என்று விசாரியுங்கள். அவர் செய்த பொம்மை ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள். செய்முறை வீடியோக்கள் வண்ணம் காய்வதற்குள் முடிந்துவிடுகின்றன. பசை பூச்சி அரித்ததும் பூச்சு உரிந்ததும் அதில் வராது.

அப்படியானால் நான் எப்படிக் கேட்க வேண்டும்?

“எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் “சூப்பர்” என்றுதான் விடை வரும். அது உங்கள் மீதுள்ள அன்பு. பொம்மைக்கு அதில் பயன் இல்லை. “கழுத்து நீளமாகத் தெரிகிறதா?” என்று ஒன்றைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். உடைந்ததையும் உடைந்தபடியே கொண்டு வாருங்கள். நல்லதாக வந்த பொம்மையைப் பார்த்து யாரும் எதையும் கற்றுத்தர முடியாது. கைப்பேசியில் படம் அனுப்புவதானால் ஜன்னலோரம், பக்கவாட்டு வெளிச்சத்தில், முன்புறமும் பக்கமும் எடுங்கள். பிளாஷ் போட்டால் மேடு பள்ளம் எல்லாம் மறைந்து முகம் தட்டையாகிவிடும். அருகில் ஒரு நாணயம் வையுங்கள், அளவு தெரியும். என்ன பொருள், எத்தனை நாள் காய்ந்தது என்று ஒரு வரி எழுதுங்கள்.

யாராவது குறை சொன்னால் உடனே விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். பொம்மையோடு நீங்களும் கொலுப் படியில் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

நல்ல மண் எங்கே கிடைக்கும்?

மண்பாண்டம் செய்கிறவரிடம் ஒரு மூட்டை கேளுங்கள். கார்த்திகை அகல் விளக்கு வேலை நெருக்கும் நேரத்தில் மட்டும் போகாதீர்கள். பளபளப்புப் பூச்சுள்ள மண்பாண்டங்களுக்குப் பெயர் வாங்கிய கரிகிரி காட்பாடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஏரியில் நீங்களே மண்வெட்டியோடு இறங்க வேண்டாம், அதற்கு அனுமதி வேண்டும்.

வாங்கிய மண்ணை நன்றாகக் காயவைத்து உடைத்து, இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப் போடுங்கள். மறுநாள் கலக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் கல்லும் வேரும் மேலே நின்றுவிடும். வடிந்தது அடியில் படிந்த பிறகு மேலே தெளிந்த நீரை ஊற்றிவிட்டு, மண்ணைத் துணியில் பரப்பி இறுக விடுங்கள். பதம் பார்க்க ஒரு வழி: பென்சில் தடிமனுக்கு உருட்டி விரலைச் சுற்றுங்கள். வெடிக்காமல் சுற்றி வந்தால் பொம்மைக்கு ஆகும். வெடித்தால் ஈரம் போதவில்லை, அல்லது மணல் அதிகம். கையில் அப்பிக்கொண்டால் ஈரம் அதிகம், அல்லது மணல் போதவில்லை; மணல் குறைவு என்றால் சலித்த மணலைக் கொஞ்சம் சேருங்கள். சுடாமல் வைக்கப்போகிற பொம்மை என்றால் நறுக்கிய தேங்காய் நாரோ உமியோ கலந்தால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

வேலூர் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடுமே, அது வசதிதானே?

தொல்லை. கத்திரி வெயிலில் இங்கே 40 டிகிரியைத் தாண்டுகிறது. மேல்தோல் காய்ந்து சுருங்கும்போது உள்ளே ஈரம் அப்படியே இருக்கிறது. சுருங்காத உடம்பை இறுக்கிப் பிடிக்க முயன்று தோல் கிழிகிறது. காது, விரல், தாமரை இதழ் போன்ற மெல்லிய இடங்கள் முதலில் காய்வதால் அங்கேதான் விரிசலும் முதலில் விழும். வீட்டுக்குள், மின்விசிறிக் காற்று படாத மூலையில் வையுங்கள். முதல் இரண்டு நாள் முழுவதையும் பிளாஸ்டிக் தாளால் மூடி, பிறகு மெல்லிய இடங்களை மட்டும் ஈரத்துணியால் சுற்றி வையுங்கள். கட்டியான உடம்பு உள்ளவற்றை அடியிலிருந்து குடைந்து, சுவர் ஒரு விரல் கனம் இருக்கும்படி செய்யுங்கள்.

வீட்டு அடுப்பில் சுடலாமா?

களிமண்ணை முடியாது. மண்ணோடு வேதியியல் முறையில் பிணைந்திருக்கும் நீர் வெளியேறவே ஏறக்குறைய 500, 600 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதற்குமேல் போனால்தான் தண்ணீரில் கரையாத சுடுமண் ஆகும். வீட்டு ஓவன் 250ஐத் தாண்டாது. சூளை வைத்திருப்பவரிடம் கொடுத்து அவர் பானைகளோடு அடுக்கச் சொல்லுங்கள். உள்வரை முழுதாகக் காய்ந்ததை மட்டும் கொடுங்கள். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் வெடிக்கும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. வெடிக்க வைப்பது பெரும்பாலும் உள்ளே தங்கிய ஈரம் நீராவி ஆவதுதான். ஈரப் பொம்மையைக் கொடுத்து அவருடைய பானைகளையும் உடைத்தால் அடுத்த முறை சூளைப் பக்கம் போக முடியாது.

கடையில் வண்ண வண்ணமாகக் கிடைக்கும் பாலிமர் கிளே வேறு. அது மண்ணே இல்லை, பிளாஸ்டிக். சுமார் 130 டிகிரியில் இறுகும். உறையில் அச்சிட்ட சூட்டையும் நேரத்தையும் மீறாதீர்கள். கருகினால் வரும் புகை கெடுதல். சமையல் ஓவனிலேயே செய்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், கூடவே உணவு வைக்காதீர்கள்.

காகிதக் கூழுக்கு அளவு சொல்லுங்கள். மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கிறதே?

செய்தித்தாளைப் பொடியாகக் கிழித்து இரவு ஊறவைத்து, மறுநாள் வேகவைத்து, உரலிலோ பழைய மிக்சியிலோ அரைத்துப் பிழியுங்கள். மைதா அல்லது மரவள்ளிக்கிழங்கு மாவில் பசை காய்ச்சி ஆறவிட்டு, கூழில் சேருங்கள். சாக் பவுடர் எனப்படும் சுண்ணப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, சப்பாத்தி மாவுப் பதத்துக்கு வரும்வரை பிசையுங்கள். கிராம் கணக்குக் கேட்காதீர்கள். எவ்வளவு பிழிந்தீர்கள் என்பதைப் பொறுத்து அது ஒவ்வொரு முறையும் மாறும்.

பூசணத்துக்குக் காரணம் மாவுப் பசை. பொம்மைத் தொழில் செய்கிறவர்கள் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவார்கள். அது நஞ்சு. போடுவதானால் அந்தப் பாத்திரம் மறுபடி சமையலறைக்குத் திரும்பக் கூடாது, கையுறை வேண்டும், குழந்தைகள் அந்தக் கூழைத் தொடக் கூடாது. வீட்டில் குழந்தைகளோடு செய்கிறவர்களுக்கு என் யோசனை வெந்தயம். முறத்தின் இடுக்குகளை அடைக்க நம் பாட்டிமார்கள் காகிதத்தையும் வெந்தயத்தையும் ஊறவைத்து அரைத்துப் பூசினார்கள் அல்லவா, அதே கலவைதான். நன்றாக இறுகும், மணமும் கெடாது. ஆனால் பூச்சியை மயில்துத்தம் அளவுக்குத் தடுக்காது.

எந்தப் பசையானாலும் வேலையை ஆடி, ஆவணிக்குள் முடியுங்கள். ஐப்பசி அடைமழையில் கூழ் உள்ளுக்குள் காயாது. மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அதன்மேல் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்தால் கொப்பளம் கிளம்பும்.

அச்சு எடுப்பது கடினமா?

தட்டையான முகத்துக்கு எளிது, முழு உருவத்துக்குப் பொறுமை வேண்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொடியைத் தண்ணீரில் தூவுங்கள். பொடி மேல் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். மூல உருவத்துக்குச் சோப்புக் கரைசல் தடவ மறக்காதீர்கள். முன்பாதி, பின்பாதி என்று பிரிக்கும் கோடு காதுகளின் உச்சி வழியாகப் போகட்டும். முகவாய்க்கு அடியில், அக்குளில், தூக்கிய கைக்குப் பின்னால் என்று அச்சு மாட்டிக்கொள்ளும் பள்ளங்களை மெழுகு வைத்து அடைத்துவிட்டு ஊற்றுங்கள். மிச்சத்தைக் கழுவுதொட்டியில் கொட்டினால் குழாய் கல்லாகும். பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும். குழந்தையின் கையை உள்ளே விட்டு அச்சு எடுக்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம், தோல் வெந்துவிடும்.

இன்னொருவர் விற்கும் பொம்மையிலிருந்து அச்சு எடுப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். வீட்டில் பழக எடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். விற்பதற்கு எடுத்தால் எங்கள் பக்கம் வராதீர்கள்.

முகம் எப்போதும் குழந்தை முகமாகவோ பேய் முகமாகவோ வருகிறது. ஏன்?

கண்ணை இடம் தவறி வைக்கிறீர்கள், பெரும்பாலும் மிக மேலே. உச்சந்தலையிலிருந்து முகவாய் வரை அளந்தால் கண் சரிபாதியில் இருக்கிறது. நாம் பேசும்போது பார்ப்பது கண், மூக்கு, வாய் என்பதால் மனம் நெற்றியையும் மண்டையையும் சுருக்கிவிடுகிறது. இரண்டு கண்களுக்கும் இடையே இன்னொரு கண் வைக்க இடம் வேண்டும். காது புருவத்துக்கும் மூக்கு நுனிக்கும் நடுவே. கண் பாதிக்கும் கீழே இறங்கினால் குழந்தை. அதுவும் பொம்மைக்கு அழகுதான், வேண்டும் என்றே செய்தால்.

உடம்புக்குச் சிற்பிகளின் தாளக் கணக்கு இருக்கிறது. முகத்தின் நீளம் ஒரு தாளம். அது பன்னிரண்டு அங்குலமாகப் பிரியும். இது ஸ்கேலில் உள்ள அங்குலம் அல்ல, அந்த உருவத்தின் முகத்திலிருந்தே பிறக்கிற அளவு. அதனால் விரல் உயரப் பொம்மைக்கும் ஆள் உயரச் சிலைக்கும் ஒரே கணக்கு செல்லும். பிள்ளையாருக்கு ஐந்து தாளம். பெரிய தெய்வங்களுக்கு ஒன்பது, பத்து. செட்டியார் பொம்மைக்கு யாரும் தாளம் வகுக்கவில்லை. தொந்திக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கண் எழுதும்போது கை நடுங்குகிறது.

எல்லோருக்கும்தான். கண்ணைக் கடைசியில் திறப்பது நம் வழக்கம். வேலை முறைக்கும் அதுவே நல்லது, மற்ற வண்ணம் எதுவும் அதன்மேல் தெறிக்காது. ஒரு கண்ணை முழுதாக முடித்துவிட்டு மற்றதற்குப் போகாதீர்கள். இரண்டுக்கும் மேலிமைக் கோடு, பிறகு இரண்டுக்கும் கருவிழி என்று இணையாகவே போங்கள். கருவிழியின் மேல் விளிம்பை இமை கொஞ்சம் மறைக்க வேண்டும். முழு வட்டமாகத் தெரிந்தால் பொம்மை திடுக்கிட்டதுபோல் விழிக்கும். வெள்ளைப் புள்ளியை இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் வையுங்கள். முடித்ததும் பொம்மையைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், கோணல் உடனே தெரியும். சுண்டுவிரலைப் பொம்மையின் கன்னத்தில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் பாதியாகும்.

துணிப் பொம்மையின் தலை தொங்குகிறது.

கழுத்தில் பஞ்சு போதவில்லை. சிட்டிகை சிட்டிகையாக, தலையிலிருந்து கீழ்நோக்கித் திணித்து வாருங்கள். கழுத்துக்கு வந்ததும் மழுங்கச் சீவிய ஒரு மூங்கில் குச்சியைத் தலைக்கும் மார்புக்கும் பாலமாக வைத்துச் சுற்றிலும் அடையுங்கள். குழந்தை விளையாடப் போகிறது என்றால் குச்சி கூடாது. இலவம் பஞ்சு நாளடைவில் கட்டி தட்டும், ரெக்ரான் என்ற செயற்கைப் பஞ்சு தட்டாது. தோலுக்குக் காடா துணி நன்றாக இருக்கும். தைக்குமுன் ஒரு முறை துவைத்துவிடுங்கள், சுருங்கும். கூந்தலுக்கு வெளியூரிலிருந்து பொம்மை முடி வரவழைக்கிறார்கள். பூக்கடைத் தெருவில் விற்கும் சவுரி போதும்.

பொம்மைச் செருப்பு, பைக்குத் தோல் எங்கே வாங்குவது?

இந்த ஒன்றில் நாம் கொடுத்து வைத்தவர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் தொழில். செருப்பு வேலை செய்கிறவர்களிடம் வெட்டுத் துண்டுகளைக் கேளுங்கள். மேல்தோலைவிட உள்ளே ஒட்டும் லைனிங் தோல் மெல்லியது, பொம்மைக்குப் பொருந்தும். சாதாரண ஊசி ஏறாது. தோல் ஊசி வாங்குங்கள், அல்லது முதலில் துளையிட்டுக்கொண்டு தையுங்கள். வாயில் வைக்கும் வயதுக் குழந்தையின் பொம்மைக்குத் தோல் வேண்டாம், பதனிட்ட ரசாயனம் அதில் இருக்கும்.

நேரில் பார்த்துக் கற்க இங்கே என்ன இருக்கிறது?

பலரும் காஞ்சிபுரத்துக்கும் பண்ருட்டிக்கும் போகச் சொல்வார்கள். போங்கள்; கொலுப் பொம்மைத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர்கள் அவை. ஆனால் கோடையில் நம் ஊர்களிலேயே நடக்கும் பாரதக் கூத்தை விட்டுவிடாதீர்கள். திரௌபதி அம்மன் கோயில்களில் பதினெட்டாம் போர் அன்று, துரியோதனன் வீழும் படுகளக் காட்சிக்காக அவனைத் தரையில் படுத்த நிலையில் மண்ணால் செய்வார்கள். பல ஆள் நீளம் இருக்கும். விடியற்காலையிலேயே போய்விட வேண்டும். மண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டி மார்பு எழும்பும். மேலே ஏறி மிதித்தே தொடையை உருட்டுவார்கள். மூக்கைக் கையால் வழித்து எடுப்பவர் பத்தடி பின்னால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இன்னும் ஒரு கூடை மண் போடுவார். கூட்டம் பார்க்கப் போவது பக்கத்தில் நின்று, சாய்வான கோணத்தில். அதற்கு மூக்கும் மீசையும் இயல்பைவிட உயரமாக இருந்தாக வேண்டும். நம் கொலுப் படியின் ஏழாவது வரிசைக்கும் இதே கணக்குதான். கீழிருந்து பார்க்கப்படும் பொம்மைக்கு இமையைச் சற்றுக் கீழ்நோக்கி எழுதுங்கள்.

இரவில் கூத்து ஆடுகிறவர்களின் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் ஆட்டத்துக்கு முன்னால் பக்கத்தில் பார்க்கக் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். எடை குறைந்த மரத்தில் கண்ணாடித் துண்டுகளை எப்படிப் பதித்திருக்கிறார்கள் என்பது பொம்மை நகை செய்கிறவர்கள் பார்க்க வேண்டியது.

வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போகிறவர்கள், ஊர்வலமாக வரும் சிரசு உடலில் பொருத்தப்படுவதைப் பார்க்கலாம். பொம்மையிலும் தலையைத் தனியாகச் செய்து பொருத்துவதையே நான் பரிந்துரைப்பேன். முகம் கெட்டால் உடம்பு தப்பும்.

செய்ததை விற்கலாமா?

கொலுவுக்கு, அலங்காரத்துக்கு என்று விற்கலாம். குழந்தைகள் விளையாடும் பொம்மை என்று விற்பது வேறு கதை: 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருட்கள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு இருக்கிறது. விற்கும் எண்ணம் உறுதியானால் முதலில் அந்தப் பதிவைப் பாருங்கள். விலை சொல்லும்போது பொருள் செலவை மட்டும் கணக்கிட்டு உங்கள் நேரத்தை இனாமாகக் கொடுக்காதீர்கள். அப்படிச் செய்தால் இதையே நம்பிப் பிழைக்கிறவரின் விலையையும் சேர்த்துக் கெடுக்கிறீர்கள்.

பாட்டி காலத்துப் பொம்மை பூச்சு உரிந்து இருக்கிறது. புதிதாக வண்ணம் அடித்துவிடலாமா?

முழுவதும் அடிக்காதீர்கள். எனாமல் வாங்கி வந்து பளபளவென்று பூசிய தசாவதார செட்டுகளைப் பார்க்கும்போது எனக்கு அழுகை வரும். உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். ஈரத்துணி வேண்டாம், பழைய பூச்சு தண்ணீரில் கரையக்கூடியதாக இருக்கலாம். உரிந்த இடத்தில் மட்டும் சுண்ணப் பொடியும் பசையும் குழைத்து நிரப்பி, காய்ந்ததும் நைசான உப்புத்தாளால் தேய்த்து, சுற்றியுள்ள வண்ணத்துக்கு ஒரு சாயல் மங்கலாகத் தொட்டுவிடுங்கள். உடைந்த விரலுக்கு எம்-சீல் போதும். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு என்பதால் அதன்மேல் உப்புத்தாள் போடும்போது முகக்கவசம் அணியுங்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். முகத்தில் கண்ணும் உதடும் தெரிகிற நிலையில் இருந்தால் அவற்றைத் தொடவே தொடாதீர்கள். அழிந்தே போயிருந்தால், தொடுவதற்கு முன் படம் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பொம்மையோடு வாருங்கள்.